வீடு திரும்பும் புறாக்கள்: பொறுமையால் உருவாகும் பந்தய அணி

புறாவை அறியாதவர் நம்மில் எவருமிலர். கோயில் கோபுரத்திலும், தேவாலய மணிக்கூண்டிலும், நெல் ஆலையின் கூரை முகட்டிலும் கூட்டமாக வந்து குந்தும் பறவை அது. முற்றத்தில் மரப்பெட்டி அடித்து இரண்டு சோடி வளர்ப்பவர்களும் நம் கிராமங்களில் உண்டு. இதே மாடப்புறாவின் வழிவந்த ஒரு பறவையை ஐந்நூறு, அறுநூறு கிலோ மீற்றருக்கு அப்பால் கொண்டுபோய்க் காலையில் திறந்துவிட்டால், அன்று மாலைக்குள் தன் கூட்டுக்குத் திரும்பும்படி வளர்த்தெடுத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுள் பெரும்பாலோர் செல்வந்தர்கள் அல்லர். பெல்ஜியத்தின் ஆலைத் தொழிலாளரும், இங்கிலாந்தின் வட பகுதி நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளருமே இக்கலையைப் பேணி வளர்த்தார்கள்.

ஒரே ஊரில், ஒரே வகைத் தானியம் போட்டு, ஒரே அளவு கூட்டில் வளர்க்கும் இருவரில் ஒருவருடைய புறாக்கள் வருடம் தவறாமல் முன்னுக்கு வருகின்றன. மற்றவருடைய புறாக்களில் பல திரும்பி வருவதே இல்லை. இது ஏன்? சுருக்கமாகச் சொல்வதானால், முதலாமவர் காத்திருக்கத் தெரிந்தவர். எதற்காக, எவ்வளவு காலம், என்ன செய்துகொண்டு காத்திருக்க வேண்டும் என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

தூது போன பறவை

பந்தயப் புறா என்று இன்று நாம் அறியும் இனம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெல்ஜியத்தில் பல வகைப் புறாக்களைக் கலந்து உருவாக்கப்பட்டது. அக்காலத்தில் அதற்கு வேலையும் இருந்தது. ஜேர்மனியின் ஆகன் நகருக்கும் பெல்ஜியத்தின் பிரசல்ஸ் நகருக்கும் இடையில் தந்திக் கம்பி இணைக்கப்படாதிருந்த 1850ஆம் ஆண்டில், ஜூலியஸ் றொய்ற்றர் அந்த இடைவெளியைப் புறாக்களைக் கொண்டு நிரப்பிப் பங்குச் சந்தைச் செய்திகளை அனுப்பினார். தந்தி இணைந்ததும் அந்தத் தேவை முடிந்தது. புறா வளர்த்தவர்களின் ஆசை முடியவில்லை. யாருடைய புறா முதலில் வீடு சேரும் என்ற போட்டி ஊருக்கு ஊர் பரவியது.

இங்கிலாந்தில் 1886இல் பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்ட் அன்பளிப்புச் செய்த புறாக்களைக் கொண்டு அரச குடும்பத்தின் கூடு தொடங்கப்பட்டது. பத்து வருடங்களின் பின், 1896இல், லீட்ஸ் நகரில் புறாப் பந்தயத்துக்கான தேசிய சங்கம் உருவானது. இன்றைய றோயல் புறாப் பந்தயச் சங்கம் அதன் தொடர்ச்சியே. ஆனால் இக்கலையின் உயிர் அரண்மனையில் இருக்கவில்லை. சுரங்கக் கிராமங்களில், வரிசை வீடுகளின் பின்புறத்துச் சிறு காணித் துண்டுகளில், பழைய பலகையாலும் தகரத்தாலும் அடித்த கூடுகளில் இருந்தது. நிலத்தின் அடியில் இருட்டில் நாளெல்லாம் உழைத்தவருக்கு, மேலே வந்ததும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க ஒரு காரணம் தேவைப்பட்டது போலும். டேர்ஹாம் நிலக்கரிப் பிரதேசத்தின் கடைசிச் சுரங்கம் 1993இல் மூடப்பட்டது. வேலை போன பின்னும் புறாவை விடாதவர்கள் அங்கே பலர்.

பந்தயம் நடக்கும் விதம்

குதிரைப் பந்தயத்தில் எல்லாக் குதிரைகளும் ஒரே கோட்டில் ஓட்டத்தை முடிக்கும். புறாப் பந்தயத்தில் எல்லாப் புறாக்களும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் புறப்படும். முடியும் இடம் ஒவ்வொன்றுக்கும் அதனதன் கூடு. ஆகவே ஒவ்வொரு கூட்டுக்கும் உரிய தூரத்தை முன்கூட்டியே அளந்து வைத்து, அதைப் பறந்த நிமிடங்களால் வகுத்து, நிமிடத்துக்கு எத்தனை மீற்றர் என்று கணக்கிடுவார்கள். அந்தத் தொகை கூடியவரே வெற்றியாளர்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒருவருடைய கூடு 300 கிலோ மீற்றர் தூரத்தில் உள்ளது. அவருடைய புறா 250 நிமிடத்தில் பதிவாகிறது. வேகம் நிமிடத்துக்கு 1,200 மீற்றர். இன்னொருவருடைய கூடு 290 கிலோ மீற்றர் தூரத்தில் உள்ளது. அவருடைய புறா 240 நிமிடத்தில் பதிவாகிறது. வேகம் 1,208 மீற்றர். இரண்டாமவர் வென்றார். ஆனால் முதலாமவரின் புறா உண்மையில் 248ஆவது நிமிடத்திலேயே வந்துவிட்டது. வந்தது உள்ளே போகாமல் இரண்டு நிமிடம் கூரையில் குந்தியிருந்தது. உடனே நுழைந்திருந்தால் அதன் வேகம் 1,209 மீற்றருக்கு மேல் இருந்திருக்கும், பரிசும் கிடைத்திருக்கும். முன்னாளில் புறாவின் காலில் இருந்த இரப்பர் வளையத்தைக் கழற்றி மணிக்கூட்டுப் பெட்டியில் போட்டால்தான் நேரம் பதிவாகும். இந்நாளில் காலில் உள்ள மின்னணு வளையத்தை வாசலில் உள்ள கருவி தானே பதிவு செய்கிறது. எதுவாயினும் புறா வாசலுக்குள் வரவேண்டும்.

இந்த இரண்டு நிமிடத்தில் முழுப் பாடமும் அடங்கியிருக்கிறது. புறாவுக்குப் பந்தயம் என்று ஒன்று இருப்பது தெரியாது. அது தன் வீட்டுக்குப் போகிறது, அவ்வளவுதான். வேகமாகப் பறக்கும் இறகைப் பிறப்பு கொடுக்கலாம். வேகமாகத் திரும்பி, தயங்காமல் உள்ளே நுழையும் மனத்தை வீடுதான் கொடுக்க வேண்டும். அத்தகைய வீட்டை அமைக்கக் காலம் எடுக்கும்.

பணம் எதை வாங்கும்?

2020 நவம்பரில் பெல்ஜியத்தில் வளர்ந்த 'நியூ கிம்' என்ற பேட்டுப் புறா ஏலத்தில் 16 இலட்சம் யூரோவுக்கு விலைபோனது. அதற்கு முன் 2019இல் 'அர்மாண்டோ' என்ற சேவல் புறா 12 இலட்சம் யூரோவுக்கு மேல் விலைபோயிருந்தது. இச்செய்திகளைக் கேட்டவர்கள், பணம் இருந்தால் நாளைக்கே சிறந்த அணி அமைக்கலாம் என்று நினைக்கக்கூடும்.

அப்படி அமைக்க முடியாது. வளர்ந்த புறாவை விலைக்கு வாங்கி வந்து திறந்துவிட்டால் அது விற்றவருடைய கூட்டுக்கே திரும்பப் பறந்துவிடும். ஆகவே வாங்கிய புறாக்களை அடைத்து வைத்துக் குஞ்சு பொரிக்க மட்டுமே பயன்படுத்துவார்கள். நமது கூட்டில் பிறந்த, அல்லது பறக்கத் தொடங்குமுன் நமது கூட்டுக்கு வந்த குஞ்சே நமக்காகப் பறக்கும். எவ்வளவு பணம் கொடுத்தாலும் முதலாவது குஞ்சு பொரித்து, பறந்து, ஊரைப் பழகும் வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

பெல்ஜியத்தின் ஆரண்டொங்க் என்ற சிற்றூரில் வாழ்ந்த ஜான்சன் சகோதரர்களின் கதை இதற்குத் தக்க சான்று. அவர்கள் அடிக்கடி புதுப் புறா வாங்கித் தம் கூட்டை நிரப்பவில்லை. தமது குடும்பப் புறாக்களிலேயே சிறந்தவற்றைத் தெரிந்து சோடி சேர்த்து, வெளிப் புறாவை மிக அரிதாகவே உள்ளே விட்டு, பத்தாண்டுகள் பலவாக ஒரே வழியில் நின்றார்கள். அவர்களுடைய புறாக்களின் வழிவந்தவை இன்று உலகின் பல நாடுகளில் பறக்கின்றன.

முதலாம் வருடம்: கூடும் குஞ்சும்

ஒருவர் ஆறு சோடிப் புறாக்களுடன் தொடங்குகிறார் என வைத்துக்கொள்வோம். புறா வாங்குமுன் அவர் கூட்டை அமைக்க வேண்டும். கூடு ஈரமில்லாததாகவும், காற்றோட்டம் உள்ளதாகவும், ஆனால் இரவில் குந்தியிருக்கும் பறவையின் மேல் நேரடியாகக் குளிர்காற்று வீசாததாகவும் இருக்க வேண்டும். வெயில் உள்ளே விழ வேண்டும். நெருக்கமாக அடைப்பதே பெரும்பாலான நோய்களுக்கு முதற் காரணம். முப்பது புறாவுக்குக் கட்டிய கூட்டில் அறுபது புறாவை வைத்தால் அறுபதும் கெடும். "சிறுகக் கட்டிப் பெருக வாழ்" என்ற பழமொழி இங்கே மிகப் பொருந்தும்.

பிரித்தானியாவில் பெப்ரவரி 14, புனித வலன்ரைன் திருநாளை ஒட்டிச் சோடி சேர்ப்பது பழைய வழக்கம். பேடு இரண்டு முட்டை இடும். முதல் முட்டைக்கும் அடுத்ததற்கும் இடையில் ஏறத்தாழ இரண்டு நாள். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாத்து, பதினேழு பதினெட்டு நாளில் குஞ்சு பொரிக்கும். முதல் நாட்களில் தாயும் தந்தையும் தம் தீன்பையில் சுரக்கும் புறாப்பாலை ஊட்டும். ஏறத்தாழ ஏழாம் நாளில் நாட்டின் எழுத்து, பிறந்த வருடம், தொடர் இலக்கம் ஆகியவை பொறித்த வளையத்தைக் குஞ்சின் காலில் மாட்ட வேண்டும். சில நாள் பிந்தினாலும் பாதம் பெருத்துவிடும், வளையம் ஏறாது. இருபத்தைந்து நாள் அளவில் குஞ்சுகள் தாமாகத் தின்னும். அப்போது அவற்றைப் பிரித்து இளம் புறாக்களின் பகுதிக்கு மாற்றலாம். ஆறு சோடியும் இரு முறை பொரித்தால் இருபத்துநாலு குஞ்சுகள். தொடக்கத்துக்கு அது போதும்.

இனித்தான் பொறுமைக்கு முதற் சோதனை. குஞ்சுகளை உடனே பறக்கவிடக் கூடாது. கம்பி வலை அடித்த வாசற் பெட்டியில் சில நாள் இருத்தி, கூரையையும் மரங்களையும் அயல் வீடுகளையும் பார்க்க விட வேண்டும். தீன் போடும் ஒவ்வொரு முறையும் ஒரே விசில் அல்லது ஒரே தகரப் பேணியின் கிலுகிலுப்பு. அந்தச் சத்தம் கேட்டால் உணவு உண்டு, பயமில்லை என்பது அவற்றின் மனத்தில் பதிய வேண்டும். கூட்டுக்குள் ஓடுவதும், கையை வீசுவதும், புறாவைத் துரத்திப் பிடிப்பதும் கூடாது. கூரையில் இரண்டு நிமிடம் தயங்கி நின்ற அந்தப் புறாவின் தயக்கம் இந்தப் பருவத்தில்தான் விதைக்கப்படுகிறது.

வழி எப்படித் தெரிகிறது?

புறா வழி கண்டுபிடிக்கும் விதத்தை விஞ்ஞானிகள் நெடுங்காலமாக ஆராய்ந்து வருகின்றனர். சூரியன் நிற்கும் இடத்தைத் தன் உடலில் உள்ள நேரக் கணக்குடன் ஒப்பிட்டு அது திசை அறிகிறது. செயற்கை வெளிச்சத்தால் அந்த நேரக் கணக்கை ஆறு மணித்தியாலம் மாற்றிவிட்டால், புறா ஏறத்தாழக் கால் வட்டம் விலகிய திசையில் புறப்படும். சூரியன் மறைந்திருக்கும் நாளில் பூமியின் காந்தப் புலம் உதவுகிறது. அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் வில்லியம் கீற்றன் 1971இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. காந்தம் பொருத்தப்பட்ட புறாக்கள் வெயில் நாளில் சரியாகவே புறப்பட்டன. முகில் மூடிய நாளில் தடுமாறின.

இத்தாலியின் பீசா நகரைச் சேர்ந்த புளோரியானோ பாப்பியும் அவரது குழுவினரும் 1972 முதல் வெளியிட்ட ஆய்வுகள் மணத்தின் பங்கை எடுத்துக்காட்டின. எந்தத் திசைக் காற்றில் எந்த மணம் வருகிறது என்பதைப் புறா தன் கூட்டில் இருந்துகொண்டே கற்கிறது என்பது அவர்கள் கருத்து. காற்றுப் படாமல் மறைத்து வளர்த்த புறாக்கள் தூரத்தில் விடப்பட்டபோது வழி அறியத் தடுமாறின. பழகிய இடங்களிலோ அது கண்ணையும் நம்புகிறது. ஒரே இடத்திலிருந்து பல முறை விடப்பட்ட புறாக்கள் தமக்கெனப் பாதை வகுத்துக்கொண்டு, சில வேளை நெடுஞ்சாலையை ஒட்டியும் பறப்பதை ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர் 2004இல் பதிவு செய்தனர்.

இதனால் வளர்ப்பவர் அறிய வேண்டியது என்ன? குஞ்சு வாசற் பெட்டியில் சும்மா குந்தியிருப்பதாக நமக்குத் தோன்றும் அந்த நாட்களில், அது தன் வீட்டின் வரைபடத்தைத் தனக்குள் எழுதிக்கொண்டிருக்கிறது. அந்த நாட்களைக் குறைப்பவர் அரைகுறைப் படத்துடன் அதைத் தூரத்துக்கு அனுப்புகிறார்.

படிப்படியான பயிற்சி

கூட்டைச் சுற்றிச் சிறிது நேரம் பறந்த குஞ்சுகள், சில வாரங்களில் ஒன்றாகச் சேர்ந்து கண்ணுக்கு எட்டாத தூரம் போய், ஒரு மணித்தியாலம் கழித்து வரத் தொடங்கும். அப்போதுதான் கூடைப் பயிற்சிக்குக் காலம். முதலில் கூடையில் ஓர் இரவு வைத்து, அதற்குள்ளேயே தண்ணீர் குடிக்கப் பழக்க வேண்டும். கூடையில் தண்ணீர் குடிக்கத் தெரியாத புறா லொறியில் போகும்போதே சோர்ந்துவிடும்.

பின்பு ஐந்து கிலோ மீற்றர், பத்து, பதினைந்து, முப்பது, ஐம்பது எனத் தூரத்தை ஏற்றலாம். ஒவ்வொரு தூரத்தையும் ஒரு முறையுடன் விடாமல், தயங்காது வரும் வரை திரும்பச் செய்ய வேண்டும். மழை, மூடுபனி, கனத்த முகில், பலமான எதிர்க்காற்று உள்ள நாளில் கூடையைத் திறக்காமல் வீட்டுக்குக் கொண்டுவருவதே மேல். "இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே" என்ற எண்ணத்தில் திறந்தவர்கள் ஒரே காலையில் ஒரு வருட உழைப்பை இழந்திருக்கிறார்கள். மின்கம்பி, வல்லூறு, வைரி ஆகிய ஆபத்துகள் எப்படியும் உண்டு. அவற்றோடு நமது அவசரத்தையும் சேர்க்க வேண்டியதில்லை.

முதல் வருடத்தில் குறுகிய பந்தயங்கள் சில போதும். எலும்பும் தசையும் முற்றாத இளம் புறா முதற் பருவத்திலேயே பரிசு பெற்றுத் தரலாம். ஆனால் அதைக் கண்டு மகிழ்ந்து வாரா வாரம் அனுப்பினால், அடுத்த வருடம் அது வெறும் பறவையாகவே இருக்கும். பார்சிலோனாவிலிருந்து பெல்ஜியத்துக்கு நடக்கும் பந்தயம் 1,000 கிலோ மீற்றருக்கு மேற்பட்டது. அத்தகைய தூரத்துக்கு இரண்டு வயதும் அதற்கு மேலும் ஆன புறாக்களையே அனுபவசாலிகள் தெரிவார்கள்.

தீனும் சுகமும்

ஒரு புறாவுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 கிராம் தானியம் தேவை. முப்பது புறாவுக்கு நாளுக்கு 900 கிராம். மாதத்துக்கு 27 கிலோ. செலவைத் தொடங்குமுன் கணக்கிட்டுக் கொள்ள வேண்டும். சோளம், பட்டாணி, கோதுமை, பார்லி கலந்த தீனுடன் சிறுகல்லும் சிப்பித் தூளும் நாள்தோறும் மாற்றிய தண்ணீரும் வேண்டும். பார்லியைப் புறாக்கள் கடைசியாகத்தான் தின்னும். அதை மீதி விடத் தொடங்கினால் வயிறு நிறைந்துவிட்டது என்பது வளர்ப்பவர்கள் கைக்கொள்ளும் எளிய அளவுகோல். நெடுந்தூரப் பறப்புக்குக் கொழுப்பே முக்கிய எரிபொருள். ஆகவே பந்தயத்துக்கு முந்திய சில நாட்களில் சோளத்தைக் கூட்டி, சிறிது கச்சானும் கொடுப்பார்கள்.

சுகமில்லாத புறா எவ்வளவு நல்ல வமிசமாயினும் வராது. வாய்க்குள் மஞ்சள் படிவு தோன்றும் ஒட்டுண்ணி நோய், குடற்புழு, கழிச்சல் ஆகியன பொதுவானவை. 1980களில் ஐரோப்பாவில் பரவிய பரமிக்சோ வைரஸ் நோய் கழுத்தை முறுக்கிப் புறாவை நிலைகுலைய வைப்பது. பிரித்தானியாவில் பந்தயப் புறாக்களுக்கு அதற்கான தடுப்பூசி கட்டாயம். மருந்தைப் பார்த்த பாட்டுக்குக் கொடுப்பதிலும், எச்சத்தை மிருக வைத்தியரிடம் காட்டிச் சோதித்தபின் கொடுப்பது செலவு குறைந்தது. வளர்ப்பவரும் தன் சுகத்தைக் கவனிக்க வேண்டும். புறாவின் இறகுத் தூசியும் எச்சத் தூசியும் நெடுங்காலம் சுவாசத்தில் சேர்ந்தால் நுரையீரல் நோய் உண்டாகும். கூடு துப்புரவாக்கும்போது முகக்கவசம் அணிவதும், தூசி பறக்காமல் சுரண்டுவதும் நன்று.

கோடைப் பந்தயங்கள் முடியும் காலத்தில் இறகுதிர்ப்பு உச்சம் அடையும். சிறகின் பத்துப் பெரிய இறகுகள் உட்புறத்திலிருந்து நுனி நோக்கி ஒவ்வொன்றாக விழுந்து முளைக்கும். அந்த மாதங்களில் புறாவுக்கு ஓய்வும் நல்ல தீனும் கொடுக்க வேண்டும். இறகு முளைக்கும் நாளில் புறா பசித்திருந்தாலோ நோயுற்றாலோ அந்த இறகின் குறுக்கே மெல்லிய கோடு விழும். அடுத்த வருடம் முழுவதும் அது அழியாது. வளர்ப்பவரின் கவனக்குறைவு இறகிலேயே எழுதப்பட்டுவிடுகிறது.

இரண்டாம், மூன்றாம் வருடங்கள்

இருபத்துநாலு குஞ்சில் முதல் வருட முடிவில் பதினைந்து எஞ்சியிருக்கிறது என்று கொள்வோம். இப்போதுதான் அணி உருவாகத் தொடங்குகிறது. இதற்கு மிகவும் வேண்டியது ஒரு குறிப்பேடு. வளைய இலக்கம், தாய் தந்தை, விடப்பட்ட இடம், காற்றின் திசை, வந்த நேரம், வந்த நிலை என்பவற்றை ஒவ்வொரு முறையும் எழுத வேண்டும். ஒரு முறை முதலாவதாக வந்த புறாவை விட, பத்து முறை அனுப்பப்பட்டுப் பத்து முறையும் முன்வரிசையில் வந்த புறாவே அணியின் தூண். நமது நினைவு முதலாமதைத்தான் பிடித்து வைத்திருக்கும். குறிப்பேடு இரண்டாமதைக் காட்டும்.

இந்தப் பருவத்தில் புறாவின் குடும்ப வாழ்வையே பந்தயத்துக்கு உந்துதலாக்குவர். பத்து நாள் அடைகாத்த முட்டையின் மேல் இருக்கும் பேடும், சிறு குஞ்சுக்கு ஊட்டிக்கொண்டிருக்கும் புறாவும் வீடு நோக்கி விரையும். பெல்ஜியத்தில் பெரிதும் கையாளப்படும் முறையில் சேவலையும் பேட்டையும் வாரம் முழுவதும் பிரித்து வைத்து, பந்தயத்துக்கு அனுப்புமுன் சிறிது நேரம் சேரவிட்டு, திரும்பி வந்ததும் மீண்டும் சேர்ப்பர். ஆனால் வந்த புறாவுக்குக் கூட்டில் அதன் சோடி காத்திருக்கவே வேண்டும். ஓரிரு முறை ஏமாற்றினால் புறா மறுமுறை விரையாது. கொடுத்த வாக்கைக் காப்பது இங்கும் அவசியம்.

மூன்றாம் வருடத்தில், குறிப்பேட்டில் தேறிய தாய் தந்தையரின் குஞ்சுகள் பறக்கத் தொடங்கும். எந்தச் சோடி நல்ல பிள்ளைகளைத் தருகிறது என்பது அப்போதுதான் தெளிவாகும். நாலாம் வருடத்தில், இரண்டு மூன்று வயதுப் புறாக்களும் அவற்றின் இளையவையும் கலந்த ஒரு முழு அணி கையில் இருக்கும். இதற்குக் குறுக்கு வழி எதுவும் இல்லை.

பொறுமைக்கும் மிஞ்சியது

எல்லாம் சரியாகச் செய்தவருக்கும் இழப்பு வரும். 1997 ஜூன் 29இல் றோயல் புறாப் பந்தயச் சங்கத்தின் நூற்றாண்டு விழாப் பந்தயத்துக்காகப் பிரான்ஸின் நான்த் நகரிலிருந்து 60,000க்கும் மேற்பட்ட புறாக்கள் இங்கிலாந்து நோக்கி விடப்பட்டன. அனுபவம் மிக்க புறாக்கள் உட்படப் பல்லாயிரம் புறாக்கள் திரும்பவே இல்லை. கடலுக்கு மேல் அவை பறந்த வேளையில் கடந்துபோன கொன்கோட் விமானத்தின் அதிர்வொலி, வழி அறிய அவை நம்பியிருந்த மிகத் தாழ்ந்த ஒலிகளைக் குழப்பியிருக்கலாம் என்று அமெரிக்கப் புவியியலாளர் ஜொனதன் ஹாக்ஸ்ட்றம் பின்னர் விளக்கம் கூறினார். எல்லோரும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. கூட்டில் இருந்த நல்ல புறாக்களை எல்லாம் அந்த ஒரு நாளுக்கே அனுப்பியிருந்தவர் மீண்டும் முதலாம் வருடத்திலிருந்து தொடங்க நேர்ந்திருக்கும். பாதியை வீட்டில் வைத்திருந்தவருக்கு அணி எஞ்சியது.

வெல்லாத புறா

இங்கே ஒரு கசப்பான விடயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பந்தயத்தில் பின்தங்கிய புறாக்களின் கழுத்தைத் திருகிக் கொன்றுவிடுவது பல கூடுகளில் நெடுநாளாக நடந்து வருவது. வழி தவறி வேறெங்கோ இறங்கிய புறாவை வளைய இலக்கத்தைக் கொண்டு உரியவரிடம் அறிவித்தாலும், "அது எனக்கு வேண்டாம்" என்று சொல்பவர்களும் உண்டு. பந்தயப் பணமும் சூதும் கலந்த இடங்களில் இது இன்னும் மோசமாகிறது. மிருக நலம் பேணுவோர் இவ்விளையாட்டைக் கண்டிப்பதற்கு இது முக்கிய காரணம். அந்தக் கண்டனத்தை நாம் தட்டிக்கழிக்க முடியாது.

இதற்கும் மருந்து தொடக்கத்திலேயே இருக்கிறது. ஐம்பது குஞ்சு பொரிக்க வைத்து, முப்பதை இழந்து, பத்தைக் கொன்று, மீந்த பத்தைக் கொண்டு வெல்வது பொறுமை ஆகாது. பராமரிக்கக் கூடிய அளவே பொரிக்க விட வேண்டும். மேலதிக முட்டைக்குப் பதிலாகப் போலி முட்டை வைத்தால் பேடு வழமைபோல் அடைகாத்து, காலம் முடிந்ததும் விட்டுவிடும். மெதுவாக வரும் புறா நல்ல வளர்ப்புத் தாயாக இருக்கலாம். பிந்தி முதிரும் இனமாகவும் இருக்கலாம். ஒரு வயதில் கடைசியாக வந்தது மூன்று வயதில் நெடுந்தூரத்தில் முன்னுக்கு வருவதும் உண்டு. அதை முதல் வருடத்திலேயே ஒழித்தவருக்கு அது ஒருபோதும் தெரியப்போவதில்லை.

"பதறாத காரியம் சிதறாது" என்பார்கள். புறா வளர்ப்பவர் சனிக்கிழமை பிற்பகல் கூட்டு வாசலில் தீன் பேணியுடன் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பது நாலு வருடக் காத்திருப்பின் கடைசிச் சில நிமிடங்கள். அவர் அந்த நேரத்தில் செய்யக்கூடியது எதுவும் இல்லை. செய்ய வேண்டியதெல்லாம் முன்னரே செய்து முடிந்தவை. முதலாவது புறா வந்து நேரே உள்ளே நுழைந்தால் அவர் மகிழலாம். சனிக்கிழமை வராமல், இறகு கிழிந்து, ஞாயிறு காலையில் தத்தித் தத்தி வாசலுக்கு வரும் புறாவுக்கும் அதே பேணியைக் கிலுக்கி, அதே தீனை வைக்கிறவரே அடுத்த வருடமும் அணி உள்ளவராக இருப்பார்.